நடுவில் வைத்த கெண்டி

இத்தோ அவ்ராக் வரைந்த முதல் துணி எழும்பியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "கம்பளம் என்ன விலை?"

ஒரு குரலோடு அது நிற்கவில்லை. எதிரணி ரசிகர்களான வடக்குத் துறைமுகத்துக்காரர்கள் மொத்தப் பேரும் அதைப் பாட்டாக்கிக் கைதட்டி ஏலம் விட ஆரம்பித்தார்கள். "கம்பளம் என்ன விலை? கொறச்சுக் குடு, லல்லா!" லல்லா என்பது எங்கள் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது; சந்தையில் கம்பளக்காரியிடம் பேரம் பேசுகிற பாவனை. எங்கள் ஆட்களிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் பிறைபோல வளைந்து கிடக்கும் காலரியை எங்கள் ஊரில் வளைவு என்போம். எங்கள் அணியின் ரசிகர் குழு நிற்பது அங்கேதான். ஆட்டம் தொடங்குமுன் வளைவு முழுவதையும் மூடுகிற மாதிரி வரைந்த துணி ஒன்றைச் சுருளாகக் கீழ்ப்படியில் வைத்து, தலைக்கு மேலாகக் கீழிருந்து மேலே விரிப்போம். ஊர் ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேசும். வளைவுக்குள் பெண்களுக்கு இடமில்லை. அது குழுவின் பழைய விதி. அதனால் இத்தோ தான் வரைந்ததை எதிரே குடும்பங்கள் உட்காரும் காலரியிலிருந்துதான் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். குழுவில் நானும் ஓர் ஆள். துணியில் எழுத வேண்டிய வரிகளை எழுதிக் கொடுப்பவன். ஆனால் முரசும் புகையும் நெரிசலும் எனக்கு ஆகாது. பயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்த முதல் துணியில் எல்லாம் இருந்தது. கலங்கரை விளக்கம், துறைமுகத்துக் கிரேன், போர்த்துகீசியக் கோட்டைச் சுவர், மூன்று படகு, கோப்பை, மத்தி மீன்கள், குழுவின் பெயர், தொடங்கிய ஆண்டு, சுற்றிலும் நெருப்பு. குழுவில் ஆளுக்கொரு ஆசை. யார் மனமும் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்திருந்தாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கண்ணைச் சுருக்கி எதிரே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரியாத்தான் சொல்றானுங்க. கம்பளம்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "அடுத்ததும் நான்தான் வரைவேன்" என்றாள்.

இத்தோவுக்கு அப்போது முப்பத்தொன்று. அப்பா மலைப்பக்கத்திலிருந்து லாரி ஓட்டிவந்து எங்கள் கடற்கரையில் தங்கிவிட்டவர். அம்மா மத்தியை டின்னில் அடைக்கிற ஆலையில் தலை கிள்ளும் வேலை பார்த்தவள். இத்தோ துறைமுகத்துக்குப் பின்தெருவில் தார்ப்பாய் கடையில் தையல் இயந்திரம் ஓட்டினாள். லாரித் தார்ப்பாய், கடைவாசல் பந்தல், படகுக்கு மூடுதுணி. ஒருமுறை கல்யாணம் நடந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "தைச்சது பிரிஞ்சிடுச்சு" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

குழுவின் தலைவன் ரத்வான் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். முன்பு வரைந்துகொண்டிருந்தவன் ஸ்பெயினுக்குப் போய்விட்ட பிறகு, வெறும் துணிப்பட்டைகளைத் தைத்து வாங்க அவள் கடைக்குப் போனான்.

"யாரு வரையப்போறா?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியலக்கா. பாத்துக்கிட்டிருக்கோம்."

"நான் வரையறேன்."

"நீங்க தைச்சுக் குடுங்க, அது போதும்."

"அப்ப வேற கடையில தைச்சுக்கோ."

அத்தனை நீளத் தையல் போடுகிற இயந்திரம் ஊரில் வேறு கடையில் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். அப்படித்தான் அவள் குழுவுக்குள் வந்தாள். வந்ததும் கம்பளம் நெய்துவிட்டாள் என்று முரசு அடிக்கும் ஸக்கரிய்யா குழுவுக்குள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரண்டாவது துணியில் அவள் எதிர்த்திசைக்கு ஓடினாள். நடுவில் கோட்டை வாசல். இந்தப் பக்கம் ஒரு படகு, அந்தப் பக்கம் ஒரு படகு. இந்தப் பக்கம் ஒரு கிரேன், அந்தப் பக்கம் ஒரு கிரேன். நடுவில் மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியும். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை.

"நல்லாருக்குக்கா" என்றான் ரத்வான்.

"நல்லாருக்குன்னா என்னடா அர்த்தம்? கவர்னர் ஆபீஸ் மாதிரி இருக்கு. உள்ள போகணும்னு எவனுக்காவது தோணுமா?"

அதன்பிறகு ஆட்டமில்லாத நாட்களில் மைதானத்துக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், குடும்பக் காலரியில் உட்கார்ந்து வெறும் வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் நானும் போவேன். கையில் கவிதைப் புத்தகம் இருக்கும். வாசித்ததைவிட அவளைக் கவனித்ததே அதிகம். காகிதத்தில் வரைகிறபோது மேலிருந்து நேராகப் பார்க்கிறோம், வளைவு அப்படி இல்லை என்று கண்டுபிடித்தாள். கீழ்ப்படிகள் படுத்துக் கிடக்கின்றன. மேல்படிகள் செங்குத்தாக நிற்கின்றன. கீழே எதை வைத்தாலும் நசுங்கும். மேலே வைத்தது நிமிர்ந்து முகத்தில் அறையும். "நான் இத்தனை நாளா மேசையில உக்காந்து மேசைக்கு வரைஞ்சிருக்கேன்" என்றாள்.

மீதியை மீன் சந்தையில் கற்றாள். அங்கே பெரிய மீனை நிறுக்க ஒற்றைத் தண்டுத் தராசு வைத்திருப்பார்கள். கைப்பிடிக்குப் பக்கத்திலேயே கொக்கி, அதில் ஒரு ஆள் கனத்துக்கு மீன் தொங்கும். மறுபக்கம் நீளமான தண்டு. அதன் மேல் ஒரு சின்ன இரும்புக் குண்டை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் தண்டு நேராக நின்றுவிடும். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த தராசுதான். ஒரு நாள் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். மீன்காரி விரட்டினாள்.

"வாங்கறியா, இல்ல தராசுக்குக் கண்ணு வைக்கிறியா?"

"இவ்ளோ சின்னக் குண்டு அவ்ளோ பெரிய மீனைத் தூக்குதே!"

"தள்ளி நிக்குது, அதான் தூக்குது. நீயும் தள்ளி நில்லு."

அந்தப் பதிலை அவள் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் மூன்றாவது துணி அங்கிருந்து வந்ததுதான். சாம்பல் நிறக் கடல், மொத்தமும் வெறுமை. இடது ஓரத்தில் மட்டும் சாய்ந்த படகு ஒன்று. அது எழும்பியபோது மைதானம் ஒரு மூச்சு அடங்கி, அப்புறம் அலறியது. அன்றிலிருந்து குழுவுக்கு வரைகிறவள் அவள்தான் என்று ஆனது. யாரும் அறிவிக்கவில்லை. யார் வரையப்போவது என்று கேட்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

கெண்டி விவகாரம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

மூடிப்போன டின் ஆலை ஒன்றின் கொட்டகையில்தான் துணிகளுக்கு வர்ணம் பூசுவோம். எத்தனை வர்ணம் பூசினாலும் மத்தி வாடையை அடக்க முடியாத இடம். வடக்குத் துறைமுகத்தோடு ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்வான் கிளப் அலுவலகத்திலிருந்து வந்து தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தான்.

"கெண்டி வைக்கணுமாம்."

"டீ போடவா?" என்றான் ஸக்கரிய்யா.

"துணியில."

கிளப்பின் தலைவர் ஹாஜ் பூஷ்தா நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். அவருடைய சின்னம் தேநீர்க் கெண்டி. சுவரெல்லாம் கெண்டி, டாக்ஸி முதுகிலெல்லாம் கெண்டி. இப்போது துணியிலும் வேண்டும் என்கிறார். சரியாக நடுவில் இருக்க வேண்டும், துணியின் உயரத்தில் பாதி இருக்க வேண்டும். இல்லையென்றால் துணி மைதானத்துக் கேட்டைத் தாண்டாது. கேட்டுச் சாவி அவருடையது.

வெளியாள் ஒருவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்களைப் போன்ற குழுக்கள் எந்தக் கட்சியிடமும் எந்தக் கடையிடமும் கைநீட்டுவதில்லை. துணிக்கும் வர்ணத்துக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நாங்களே போடுகிறோம். விலைபோன குழு தன் கொடியைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டுக் கலைந்துபோக வேண்டும். அப்படிக் கலைந்துபோன குழுக்களின் பெயர்களை இப்போது யாரும் உச்சரிப்பதுகூட இல்லை.

"துணியே வேணாம். வெறுங்கையோட போவோம்" என்றான் ஸக்கரிய்யா.

"வெறுங்கையோட போனா பயந்துட்டோம்னு பாடுவானுங்க. கெண்டியோட போனா வித்துட்டோம்னு பாடுவானுங்க. எந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கும், சொல்லு" என்றான் ரத்வான்.

"ஒண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு இன்னொண்ணைத் தூக்குவோம்" என்றான் வேறொருவன்.

இத்தோ அதுவரை ஒரு வர்ண டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

"வச்சிடலாம்."

"எதை?"

"கெண்டியை. அவர் கேட்ட எடத்துல, கேட்ட அளவுல. ஒரு விரல் கொறையாம."

ஸக்கரிய்யா எழுந்துவிட்டான். "அக்கா, என்ன பேசறீங்க?"

"யார் கண்ணுலயும் படாது."

"மூணு மாடி உசரக் கெண்டி, மைதானத்துக்கு நடுவுல, கண்ணுல படாதாம்! எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வரணும்னு நோட்டீஸ் ஒட்டப்போறீங்களா?"

"நடுவுல இருக்கறதெல்லாம் தெரியும்னு ஹாஜ் நெனைக்கிறார். நீயும் அப்படித்தான் நெனைக்கிற. உங்க ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றாள். கொட்டகையில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ஸக்கரிய்யா சிரிக்கவில்லை.

"அப்ப அவர்கிட்ட ஒண்ணைக் காட்டி வேற ஒண்ணைத் தூக்கினா என்னக்கா? அது சுலபமாச்சே" என்றேன் நான். கூட்டத்தில் நான் பேசுவது அபூர்வம்.

"ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிடுவாரு, கவிஞரே. ஊர்ல பாதிப் பேரு ஐயோ பாவம்பாங்க. அவர் கேட்டதை அப்படியே குடுக்கணும். குடுத்தும் அவருக்கு ஒண்ணும் கெடைக்கக் கூடாது."

ரத்வான் அவளையே பார்த்தான். "கண்ணுல பட்டுச்சுன்னா?"

"பட்டுச்சுன்னா நான் இனிமே பென்சிலைத் தொடல."

"அது உங்க கணக்கு. எங்க கணக்கு வேற. ஒரு ஆள் கெண்டின்னு பாடி, மைதானம் சேந்து பாடிட்டா, கொடியை நாங்க கொளுத்தணும். எங்க அண்ணன் தைச்ச கொடி அது."

"தெரியும்டா" என்றாள். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் வேலை பார்க்கும் நகலெடுக்கும் கடையின் பின்னறையில் அவள் வரைந்தாள். முதல் காகிதத்தில் கெண்டியை வெளுத்த நீலத்தில், அதைவிடக் கொஞ்சம் வெளுத்த நீலக் கடலுக்குள் அமிழ்த்தினாள். அதன் வயிற்றுக் கோடு அலையோடு போய்ச் சேர்ந்தது. நகலெடுக்க வந்த ஒரு வாத்தியாரிடம் தூரத்திலிருந்து காட்டி, "என்ன சார் தெரியுது?" என்றாள்.

"கெண்டி" என்றார்.

கண் வெறும் இடத்தில் நிற்காது, போக வேறு இடம் கொடுத்தால்தான் கெண்டியை விடும் என்றாள். வலது மேல் மூலையில் ஒரு பெண்ணை வரைந்தாள். ஆலையில் வேலை முடித்துப் போகிறவள், நமக்கு முதுகு காட்டி நடக்கிறவள், தலையில் சிவப்புத் துணி. பெரிதாக வரைந்தாள். பார்த்தவர்கள், "பொண்ணு ஒண்ணு, கெண்டி ஒண்ணு" என்றார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பெண்ணைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக்கினாள். படத்தில் வேறெங்கும் சிவப்பே இல்லாமல் துடைத்தாள். அவளைச் சுற்றிக் கடலைக்கூட நிறுத்தி, வெறும் வெள்ளை விட்டாள். அப்புறம் மத்திக் கூட்டம் ஒன்றை இடது கீழ் மூலையிலிருந்து அனுப்பினாள். ஆயிரக்கணக்கில் வெள்ளிக் கீற்றுகள், கெண்டியின் மேலேயே ஏறிக் கடந்து, எல்லாம் ஒரே திசையில், அந்தச் சிவப்பை நோக்கி.

நான் அந்தத் துணிக்காக ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எங்கள் அம்மாக்களின் கைகளில் உப்பு ஊறியதைப் பற்றியது. பல நாள் சுமந்த வரி. அவள் அதை வாசித்தாள்.

"நல்லாருக்கு. வேணாம்."

"ஏன்?"

"எழுத்தைப் பாத்ததும் கண்ணு படிக்க உக்காந்துடும். மீனு பின்னாடி போகாது."

நான் வாசிக்கிற கவிஞர்கள் நல்ல வரியையே வெட்டுகிறவர்கள். அதற்காக அவர்களை மெச்சியிருக்கிறேன். என் வரியை வெட்டியபோது இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

காகிதம் முடிந்ததும் கொட்டகைச் சுவரில் மாட்டி, குழுவைத் தள்ளி நிற்க வைத்துக் கேட்டோம். ஸக்கரிய்யா சொன்னான், "எனக்குக் கெண்டிதான் தெரியுது." மற்றவர்களுக்கும் அதுதான் தெரிந்தது. எனக்கும்தான். அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளியாட்களிடம் காட்டவும் இனி முடியாது, விஷயம் கசிந்துவிடும். ஆக, துணி சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை. அவளாலும் முடியாது.

காகிதத்தை ரத்வானும் நானும் ஹாஜ் பூஷ்தாவிடம் கொண்டுபோனோம். அவருடைய செயலாளர் ஸி ஜவாத் மேசையில் அதை விரித்து, அளவுகோலை வைத்து இரண்டு பக்கமும் அளந்தார்.

"சரியா நடுவுல இருக்கு, ஹாஜ். உசரத்துல பாதி."

ஹாஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையின் மேல் குனிந்தார். மேசையிலிருந்து பார்க்கும்போது கெண்டி அழகாகத்தான் இருந்தது. மூக்கு, மூடி, கைப்பிடி, எல்லாம்.

"ஏன் நீலம்? தங்கக் கலர்ல போடலாமே."

"நம்ம அணியோட கலர், ஹாஜ்" என்றான் ரத்வான்.

"அதுவும் சரிதான். இந்த மூலையில இருக்கற பொம்பள யாரு?"

"மீன் ஆலையில வேலை செய்யறவங்க."

"சின்னதாத்தானே இருக்கா, இருக்கட்டும். அவங்களுக்கும் ஓட்டு இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குப் புதினா டீ வந்தது. கெண்டியிலிருந்துதான் ஊற்றினார்கள். ரத்வான் குடிக்கவில்லை.

ஆட்ட நாளன்று குடும்பக் காலரி நிரம்பியிருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஆலைப் பெண்கள் சிலர் குடும்பத்தோடு உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். இத்தோ முழங்காலில் கை வைத்து முன்னால் குனிந்திருந்தாள். விஷயம் ஏற்கெனவே கசிந்திருந்தது. வடக்குத் துறைமுகத்துக்காரர்கள் எதற்கோ தயாராகச் சுருட்டி வைத்திருந்த ஒரு பட்டை தெரிந்தது.

துணி கீழிருந்து ஏறத் தொடங்கியது. எங்களில் யாருமே யோசிக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. கீழிருந்து விரிந்து ஏறுகிற சுருளில் முதலில் வெளியே வருவது கெண்டியின் அடிப்பாகம். சிவப்பு கடைசியில்தான் வரும்.

"அது என்ன, பானையா?" என்றார் பக்கத்தில் ஒருவர்.

"படகு போல."

"படகுக்கு ஏது வயிறு?"

எனக்குத் துணியைப் பார்க்கத் துணிவு போய்விட்டது. அதனால் தலைகளைப் பார்த்தேன். முன்வரிசை, அதற்கு முன்வரிசை, எல்லாத் தலைகளும் நேராக, நடுவை நோக்கி இருந்தன. வர்ணம் ஏற ஏற அப்படியே இருந்தன. அப்புறம் ஏதோ ஒரு கணத்தில், கயிறு கட்டி இழுத்த மாதிரி, எல்லாத் தலைகளும் வலப்பக்கம் திரும்பி, கொஞ்சம் நிமிர்ந்தன.

நானும் பார்த்தேன். மொத்த வளைவும் வெளிறிய நீலம். அதில் மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. துணியின் கீழே ஆட்கள் அசைந்ததால் உண்மையிலேயே ஓடின. எல்லாம் போய்ச் சேருமிடத்தில், வெள்ளைக்கு நடுவில், சிவப்புத் துணி கட்டிய ஒரு பெண் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

"யாருடி அது?" என்றாள் ஆலைப் பெண்ணொருத்தி எழுந்து.

"ஷிஃப்ட் முடிஞ்சு போறவ. நடையைப் பாரேன், இடுப்பு வலியோட போறா."

"என்னைத்தான் வரைஞ்சிருக்காங்க. கடன்காரன் கூப்பிட்டா நான் இப்படித்தான் திரும்பிப் பாக்காம போவேன்."

அந்த நேரத்தில் வடக்குத் துறைமுகத்துக்காரர்கள் தங்கள் பட்டையை விரித்தார்கள். பெரிய எழுத்து: "சர்க்கரை எத்தனை?"

எங்கள் காலரி முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"சர்க்கரையா? என்ன சர்க்கரை?"

"யாருக்கு டீ போடறானுங்க?"

"வேற ஊரு ஆட்டத்துக்கு எழுதின பேனரைத் தூக்கிட்டு வந்துட்டானுங்க போல."

அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு பாதியில் தொய்ந்தது. கேலி செய்ய வந்தவனே எதைக் கேலி செய்கிறேன் என்று விளக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கொஞ்ச நேரத்தில் பட்டை சுருண்டுவிட்டது.

பிரமுகர்கள் இருக்கையில் ஹாஜ் பூஷ்தா படம் எடுப்பவர்களுக்காக எழுந்து நின்றிருந்தார். அவர் ஸி ஜவாத் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டார். ஸி ஜவாத் கையை நீட்டிக் காட்டினார். ஹாஜ் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஸி ஜவாத் கையால் காற்றில் கெண்டி வரைந்து காட்டினார்.

"பாத்தீங்களாக்கா, அங்க!" என்றேன்.

அவள் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கனம் வேணும்" என்றாள். "இப்பவே லேசாச் சாயுது."

ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி இப்போதுகூட யாரும் பேசுவதில்லை.

அடுத்த நாள் ஊரில் எல்லாக் கைப்பேசியிலும் அந்தச் சிவப்புத் துணிக்காரி இருந்தாள். டாக்ஸிக்காரர்கள் பின்கண்ணாடியில் ஒட்டினார்கள், கெண்டிப் படத்தின் மேலேயே. அதற்கடுத்த நாள் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. துணியை வரைந்தவன் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆண்டு முடியும்வரை வளைவு பூட்டிக்கிடக்கும்.

கொட்டகையில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விதத்தில் சந்தோஷமாகவும் இருந்தார்கள்.

"பூட்டட்டும்" என்றான் ரத்வான். "பேரு சொல்ல மாட்டோம். குழு வரைஞ்சுதுன்னு சொல்லுவோம்."

"பூட்டட்டும்!" என்றான் ஸக்கரிய்யா. அவன் இப்போது இத்தோவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றாள் இத்தோ.

"வேணாம்கா. நம்ம வழக்கத்துல யாரும் தன் பேரைச் சொல்லிக்கறதில்ல."

"உங்க வழக்கத்துல நான் வளைவுக்குள்ளயே வர்றதில்ல. வெளிய நிக்கறவளுக்கு உள்ள இருக்கற வழக்கம் எதுக்கு?"

ரத்வான் வழிவிட்டு நகர்ந்து நின்றான்.

அவளோடு அலுவலகத்துக்கு நான் போனேன். ஸி ஜவாத் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"நீதானா?"

"நான்தான்" என்றாள் அவள். "இத்தோ அவ்ராக். தார்ப்பாய் கடை."

"நீ தைச்சவ. அது தெரியும். வரைஞ்சவன் பேரு வேணும்."

"அதைத்தான் சொல்றேன்."

ஸி ஜவாத் சிரித்தார். "எவனைக் காப்பாத்தறே, பொண்ணு? அண்ணனா? வேற யாராவதா?"

"எனக்கு அண்ணன் கிடையாது. வேற யாரும் கிடையாது."

உள்ளறைக் கதவு திறந்து ஹாஜ் பூஷ்தா வந்து நின்றார். வாக்குக் கேட்கிற முகம் அன்று அவரிடம் இல்லை. "நான் கேட்டது எங்க?" என்றார்.

"நடுவுல இருக்கு, ஹாஜ். நீங்க கேட்ட உசரத்துக்கு இருக்கு. துணி கொட்டகையிலதான் கெடக்கு, ஆளை அனுப்பி அளக்கச் சொல்லுங்க."

"யாருக்கும் தெரியலையே!"

"தெரியணும்னு நீங்க கேக்கல."

அவர் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அடிக்கப்போகிறார் என்றுகூட எனக்குத் தோன்றியது. நான் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவள் நகரவில்லை. பிறகு ஸி ஜவாதிடம், "எழுதிக்கோ. ஆண்டு முடியறவரை உள்ள விடாதே. எந்தக் கேட்டுலயும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸி ஜவாத் பேனாவை எடுத்தார். அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தாளில் 'குழுவைச் சேர்ந்த ஒரு பெண்' என்று எழுதத் தொடங்கினார். இத்தோ மேசைமேல் குனிந்து தலைகீழாகவே அதை வாசித்தாள்.

"ஒரு பெண் இல்ல. இத்தோ அவ்ராக். அடிச்சிட்டு எழுதுங்க."

"எல்லாம் ஒண்ணுதானம்மா."

"ஒண்ணுதான்னா என் பேரையே எழுதறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் நாற்காலியிலிருந்து எழவில்லை.

வளைவைப் பூட்டவில்லை. அவளுக்குத்தான் மைதானம் மூடியது. ரத்வான் அன்றே வந்து, அடுத்த ஆண்டு அவள் வளைவுக்குள் வந்து நிற்கலாம், குழு பேசி முடிவெடுத்துவிட்டது என்றான். "அங்க நின்னா ஒண்ணும் தெரியாதுடா. துணி தலைக்கு மேல இருக்கும்" என்றாள் அவள். பிறகு, "ஆனா வருவேன்" என்றாள். இயந்திரத்தில் நூலைக் கோத்து, அடுத்த ஆட்டத்துக்கான முதல் பட்டையை ஊசிக்குக் கீழே இழுத்துவிட்டு, காலை மிதியில் வைத்தாள்.